ரயில் இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர் வந்த கதை: போக்குவரத்தும் பொருளாதாரமும், ஓர் எளிய விளக்கம்

மூணாறிலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் டாப் ஸ்டேஷன் வரும். மலை அங்கே சட்டென்று முடிந்துவிடும். விளிம்பில் நின்றால் கீழே எங்கள் தேனி மாவட்டம் கிடப்பது தெரியும். ஒருமுறை நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சுற்றுலா வந்த ஒரு குடும்பம் கடைக்காரரிடம் கேட்டது: "அண்ணே, ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" அவர் அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "தொண்ணூத்தொம்பதுல தண்ணி கொண்டுபோயிருச்சு" என்றார். அவர்கள் 1999 என்று நினைத்திருப்பார்கள். அவர் சொன்னது கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு 1099. ஆங்கிலக் கணக்கில் 1924.

ஸ்டேஷன் நிஜமாகவே இருந்தது. 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக இங்கே ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் பாரம் சின்னச் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கும். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்தது மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் முறையான சிறு ரயில் பாதை வந்தது. மூணாறு எஸ்டேட்டுகளின் தேயிலைப் பெட்டிகள் இந்த ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் மலைச்சரிவில் இறங்கி, அடிவாரத்துக் கொட்டகுடிக்குப் போகும். அப்புறம் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். போடிக்கு ரயில் 1928-இல்தான் வந்தது என்பதால், அதற்கு முன் வண்டிகள் இன்னும் கிழக்கே போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். கடைசியில் தூத்துக்குடி, கப்பல்.

ஒரு பெட்டித் தேயிலைக்கு இத்தனை பாடு எதற்கு? துறைமுகம் போய்ச் சேராத தேயிலைக்கு விலை கிடையாது, அதனால்தான். மலையில் அது வெறும் இலை. சந்தையில்தான் அது சரக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் குறைக்க ஒரு நாடு கட்டிவைக்கிற சாலை, ரயில் பாதை, பாலம், துறைமுகம், விமான நிலையம், எண்ணெய்க் குழாய் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போக்குவரத்துக் கட்டமைப்பு என்கிறோம். பேச்சுப் போட்டிகளில் இதை 'நாட்டின் ரத்த நாளங்கள்' என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் புரிந்ததுபோல இருக்கும், ஒன்றும் புரிந்திருக்காது. தூரத்தின் விலை என்று எடுத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் பிடிபடும்.

ஏலக்காயும் முட்டைக்கோசும்

ஒரு கணக்குக்காக, ஐந்து டன் ஏற்றும் வண்டிக்கு வாடகை பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஆகிறது. ஏற்றுவது ஏலக்காய், கிலோ இரண்டாயிரம் ரூபாய் என்றால், வாடகை ஆயிரத்தில் ஒரு பங்கு. வியாபாரி அதைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டார். ஏற்றுவது முட்டைக்கோஸ், தோட்டத்தில் கிலோ பத்து ரூபாய் என்றால், விலையில் ஐந்தில் ஒரு பங்கு வண்டிக்கே போய்விடுகிறது. சாலை மோசமாகி வாடகை இரட்டிப்பானால் ஏலக்காய்க்காரருக்கு ஒன்றும் ஆகாது. கோஸ்காரர் அடுத்த போகம் வேறு ஏதாவது போட யோசிப்பார்.

இதனால்தான் சாலையே இல்லாத காலத்திலும் ஏலமும் மிளகும் தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலும் இறங்கி உலகம் சுற்றின. கோஸும் தக்காளியும் ஊர்ச் சந்தையைத் தாண்டவில்லை. எடை கூடவும் விலை குறைவாகவும் உள்ள சரக்குக்குத்தான் சாலை உயிர். போடிக்கு மேலே சில மலைக் கிராமங்களில் இன்றைக்கும் கழுதை, குதிரை முதுகில்தான் சரக்கு இறங்குகிறது. அங்கே என்ன விளைகிறது என்று பாருங்கள்: காபி, மிளகு, ஏலம். மண்ணும் மழையும் ஒரு காரணம். பாதை இன்னொரு காரணம்.

எடைக்கும் விலைக்கும் அப்புறம், அழுகல் என்று ஒன்று இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். வெட்டிய திராட்சைக்குப் பொறுமை கிடையாது. என் அப்பா காலத்தில் ஒருமுறை எங்கள் லோடு எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில் அரை நாளுக்கு மேல் நின்றுவிட்டது. எந்தச் சாவடி என்பது இப்போது வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கத்து மண்டியில் பெட்டியைத் திறந்தால் அடிவரிசை முழுக்கச் சாறு. அன்றைக்குச் சாலையில் ஒரு குழி இல்லை, டயர் பஞ்சர் ஆகவில்லை. வண்டி நின்றது, அவ்வளவுதான். நிற்பதற்கும் விலை உண்டு என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

நாடு முழுக்க இந்தக் கதைதான். கோவை – பாலக்காடு எல்லையில் வாளையாறு சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதைப் பார்க்காத டிரைவர் அந்தத் தலைமுறையில் இருக்க மாட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விற்பனை வரி. அதைச் சரிபார்க்க எல்லையில் நிறுத்தம். இதில் வேடிக்கை, பச்சைக் காய்கறிக்கு வரி கிடையாது. ஆனால் வரி கட்டவேண்டிய வண்டிக்குப் பின்னால் அதுவும்தான் நின்றது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் இந்த வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு (இ-வே பில்) கட்டாயமானது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குக் காகிதம் முன்கூட்டியே கணினியில் பதிவாகிவிடும். ஒரு மூட்டை சிமெண்ட் செலவில்லாமல் சாலை நீளம் குறைந்ததுபோல ஆனது. ஜிஎஸ்டியைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு, ஆனால் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இறக்குகிற இடத்திலும் இப்படி ஒன்று இருந்தது. கேரளத்தில் அதற்கு நோக்குக்கூலி என்று பெயர். சரக்கை வேறு யாராவது இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நிற்கும் சுமைதூக்குவோருக்குக் கூலி. 2018 மே 1 முதல் அரசு அதைத் தடைசெய்தது. சாலை என்றால் தாரும் ஜல்லியும் மட்டும் இல்லை. அதில் வண்டி ஓடும் விதிகளும் சேர்ந்ததுதான்.

விடியற்காலை ஜீப்

சரக்கைவிட முக்கியமாக ஆளும் நகர்கிறது. கம்பம், போடிப் பக்கம் விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாருங்கள். தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கி ஏறிக்கொண்டிருப்பார்கள். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள்.

மலைப்பாதை இல்லாவிட்டால் இந்த அக்காமார்கள் முன்னிருந்தவர்களைப்போல எஸ்டேட் லயத்திலேயே குடியிருக்க வேண்டும், அல்லது கீழே கிடைக்கிற கூலிக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். பாதை இருப்பதால் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகின்றன, அம்மா அங்கே காய் எடுக்கிறாள். கூலி பேசும்போது "மேல போனா இவ்வளவு குடுக்கறாங்க" என்று கீழே இருக்கிற தோட்டக்காரரிடம் சொல்ல முடிகிறது. எங்கள் வீட்டுத் திராட்சைக்குக் கவாத்து செய்ய ஆள் தேடும்போது இந்த வாசகத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்க இனிப்பாக இருக்காது. பொருளாதாரப் புத்தகங்கள் இதை வேலைச் சந்தை விரிவடைதல் என்று எழுதும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக்கொண்டு கொண்டைஊசி வளைவில் திரும்பும் ஜீப்பில், அந்த விரிவு கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

பாதை என்ன செய்கிறது என்று தெரியவேண்டுமானால், அது அடைபடும் நாளில் பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றி, கம்பம் – குமுளி வழி நாள்கணக்கில் முடங்கியது. இந்தப் பக்கம் வெட்டிய காய் வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. அந்தப் பக்கம் அதே காய் விலை ஏறியது. ஏலம் பழுக்கும் பருவம், எடுக்க ஆள் போகவில்லை. ஒரே காய்க்கு மலையின் இரண்டு பக்கமும் இரண்டு விலை. இந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் போக்குவரத்தின் அன்றாட வேலை. நடக்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாது.

யார் போடுவது, யார் கெடுப்பது

டாப் ஸ்டேஷன் கம்பிவடத்தைப் போட்டது தேயிலைக் கம்பெனி. தன் சரக்குக்காகப் போட்டது, தன் சரக்கைக் கொண்டுபோனது. ஆனால் போடிமெட்டுச் சாலையை எந்தத் தோட்டக்காரரும் தனியாகப் போட மாட்டார். போட்டால் பயன் எல்லோருக்கும் போகும், செலவு ஒருவர் தலையில் விழும். அதனால் பெரும்பாலான நாடுகளில் சாலையை அரசு வரிப்பணத்தில் போடுகிறது. சுங்கச்சாவடி வைத்துத் தனியாரிடம் கொடுப்பது வண்டிப் போக்குவரத்து அதிகமுள்ள சாலைக்கு ஒத்துவரும். ஐந்நூறு பேர் உள்ள ஊருக்குச் சுங்கம் வசூலித்துச் சாலை போட யாரும் வர மாட்டார்கள். 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் இதற்காகத்தான் வந்தது: சமவெளியில் 500 பேருக்கு மேல், மலைப்பகுதியில் 250 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய சாலை.

போட்டதோடு முடியாது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலை ஒன்று போட்டு, லாரிகளை இரண்டு வருடம் சுற்றிச்சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின்மேல் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு ஆகவில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கு ஆனது. ஓவர்லோடு ஏற்றும் வண்டிக்கு டிரிப் லாபம். சாலைக்கு ஆகும் செலவு ஊர்ப்பணத்தில். இருசக்கர வண்டிகள் லட்சம் போனாலும் சாலைக்கு ஒன்றும் ஆகாது, மணல் லாரி நூறு போனால் போதும்.

பாரம் என்று வந்தால் தண்டவாளத்துக்கு ஈடில்லை. எஃகின்மேல் எஃகு உருளும்போது உரசல் மிகக் குறைவு, எரிபொருளும் அப்படியே. ஒரு சரக்கு ரயில் மூவாயிரம் டன்னுக்கு மேல் இழுக்கும். பத்து டன் லாரியில் ஏற்றினால் முந்நூறு வண்டி. ஆனால் ரயில் வீட்டு வாசலுக்கு வராது. ஏற்ற ஒரு இடம், இறக்க ஒரு இடம், இரண்டு பக்கமும் லாரி வேண்டும். நிலக்கரியும் இரும்புத் தாதும் ரயிலில் போவதும், எங்கள் திராட்சை லாரியில் போவதும் இதனால்தான். இந்திய ரயில்வே சரக்கில் சம்பாதித்துத்தான் பயணிகள் கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்கிறது. நாம் டிக்கெட்டில் மிச்சம் பிடிப்பதைச் சிமெண்ட் விலையில், மின்கட்டணத்தில் கொடுக்கிறோம் என்றும் சொல்லலாம்.

போடி ரயிலே ஒரு பாடம். 1928-இல் வந்த பாதையை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெயர்த்தெடுத்துவிட்டு, 1950களில் மறுபடி போட்டார்கள். அகலப்பாதையாக்க 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 2023 ஜூனில்தான் போடிக்கு ரயில் திரும்பியது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல். அதற்குள் லாரிக்காரர்கள், மண்டிக்காரர்கள், பயணிகள் எல்லோரும் வேறு பழக்கத்துக்குப் போய்விட்டார்கள். ரயில் திரும்பிய வேகத்தில் சரக்கு திரும்புவதில்லை.

கடல் இன்னும் மலிவு. 2025 ஜூனில் 24,346 கண்டெய்னர் கொள்ளளவுள்ள எம்எஸ்சி ஐரினா என்ற கப்பல் கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்தது. ஒவ்வொன்றும் இருபதடிப் பெட்டி. அத்தனையும் லாரியில் ஏற்றினால் வரிசை எங்கே முடியும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அளவுக் கப்பல் ஆழமில்லாத துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. இந்தியச் சரக்கு பலகாலமாகச் சிறு கப்பலில் கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறியது அதனால்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூலி, நாள், காத்திருப்பு. விழிஞ்ஞத்தில் கரைக்குப் பக்கத்திலேயே இயற்கையாக ஆழம் உண்டு.

மொத்த நாட்டுக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இந்தியாவில் சாலைகள் சுமார் 63 லட்சம் கிலோமீட்டர். அதில் தேசிய நெடுஞ்சாலை ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. நீளத்தில் நூற்றுக்கு இரண்டு சொச்சம், ஆனால் சாலைப் போக்குவரத்தில் நாற்பது சதவீத அளவு அதன்மேல்தான். சரக்கை நகர்த்தவும் சேமித்துவைக்கவும் நாட்டு வருமானத்தில் 13, 14 சதவீதம் செலவாகிறது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025-இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீடு அதை 8 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டது. சாலைகள் மேம்பட்டது ஒரு பகுதி, கணக்குப் போடும் முறை மாறியது இன்னொரு பகுதி. இந்த மாதிரி எண்களை மேடையில் கேட்கும்போது எதையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள் என்று கேட்பது நல்லது.

பாதை இரண்டு பக்கமும் திறக்கும்

சாலை வந்தால் எல்லோருக்கும் நல்லது என்பது பாதி உண்மை. நம் சரக்கு வெளியே போகிற பாதையில்தான் வெளிச்சரக்கு உள்ளே வரும். 1970களின் தொடக்கத்தில் கேரளத்தில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைந்தது; இப்போது இரண்டு லட்சத்தை ஒட்டி. கூலி உயர்வு, வளைகுடாப் பணம், ரப்பர் விலை என்று காரணங்கள் பல. ஆனால் அரிசியும் காயும் தினமும் மலையைத் தாண்டி வந்துவிடும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் வயலை மூடியிருக்க மாட்டார்கள். ஒட்டன்சத்திரத்துச் சந்தை கேரளத்துச் சமையலறையை நம்பி வளர்ந்ததும் இதே பாதையில்தான்.

மூணாறுக்கும் இதேபோல ஒரு திருப்பம் நேர்ந்தது. 1924 வெள்ளத்தில் குண்டளை ரயில் போனது. அதை மறுபடி போடவில்லை. 1930களில் ஆலுவாப் பக்கத்திலிருந்து புதிய சாலை வந்தது, 1935-இல் பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் பாலம் திறந்தது. 1947-இல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியது. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த மூணாறு மேற்கே திரும்பிக்கொண்டது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பேசிய மொழி மாறவில்லை, தேயிலை போகும் திசை மாறியது.

எல்லாப் பாதையும் போடவேண்டிய பாதை இல்லை என்பதும் இங்கேதான் தெரியும். டாப் ஸ்டேஷனிலிருந்து கொடைக்கானலுக்குக் காட்டுக்குள் ஒரு பழைய சாலை உண்டு. 1990 வாக்கில் மூடிவிட்டார்கள். திறந்தால் தூரம் பாதியாகும். ஆனால் அது பாம்பாடும் சோலை வழியாகப் போகிறது. அந்தச் சோலைதான் மழையைப் பிடித்துவைத்துக் கீழே ஆறாக விடுகிறது. திராட்சைக்குத் தண்ணீர் வேண்டுமா, கொடைக்கானலுக்குக் குறுக்குவழி வேண்டுமா என்றால் நான் தண்ணீர்ப் பக்கம்.

போடிப் பக்கம் அடிவாரத்தில் இருக்கும் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை கேட்பது வேறு கதை. அங்கே எனக்கு இன்னும் தெளிவில்லை. நடந்து ஏறினால் அரை நாள். வண்டியில் போடிமெட்டு, மூணாறு என்று சுற்றினால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சாலை வந்தால் பக்கத்து வட்டவடைப் பூண்டும் கோஸும் காலையில் வெட்டி மதியத்துக்குள் போடி மண்டிக்கு வந்துவிடும். அதுவும் காட்டு வழிதான், ஆனால் அந்தச் சரிவில் ஒருகாலத்தில் கம்பிவடம் ஓடியிருக்கிறது.

ஜீப் ஓட்டும் என் மாமாவிடம் டாப் ஸ்டேஷன் டீக்கடை வாசலில் இதைக் கேட்டேன். "ரோடு வந்தா என் ஓட்டம் பாதியாகும் மாப்ளே" என்றார். "அப்ப வேண்டாங்கிறீங்களா மாமா?" "நான் எங்கடா அப்படிச் சொன்னேன்? வட்டவடைக்காரன் அந்த வாடகையை எத்தனை வருசமாக் கட்றான்." அன்று அவர் ஜீப்பில் பதினெட்டு மூட்டைக் கோஸ் ஏறியிருந்தது. கீழே போடியின் ஓட்டுக்கூரைகள் வெயிலில் பளபளத்தன. மாமா கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டியை மூணாறு பக்கம் திருப்பினார்.